ஒரு உருக்காலை ஊர் எப்படி உலக சாம்பியன் ஆனது? கனடாவின் சின்ன ஊர் ஐஸ் ஹாக்கி அணிகள்

நீலக்கோடு:

பழைய உலக ஐஸ் ஹாக்கி சாம்பியன்ஷிப் முடிவுகளை மேய்ந்துகொண்டிருந்தேன். 1939, 1961 இரண்டு வருடமும் தங்கம் கனடாவுக்கு என்று போட்டிருக்கிறது, ஆனால் களத்தில் ஆடியது டிரெயில் ஸ்மோக் ஈட்டர்ஸ் என்ற ஊர் அணி. டிரெயில் என்பது பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளுக்கு நடுவே ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு உருக்காலை ஊர், 1961இல்கூடப் பத்துப் பன்னிரண்டாயிரம் பேர்தான் இருந்திருப்பார்கள். சரி, ஏதோ ஒரு முறை நடந்துவிட்டது என்று விட்டால் 1937இல் கிம்பர்லி, 1955இல் பென்டிக்டன், 1958இல் விட்பி, 1959இல் பெல்வில் என்று வரிசையாக வருகிறது. நாட்டின் பெயரில் ஓர் ஊர்க் கிளப் போய் ஆடுவதே எனக்குப் புரியவில்லை. மாண்ட்ரியல், டொராண்டோ எல்லாம் இருக்கும்போது இவர்களை ஏன் அனுப்பினார்கள்? அப்புறம், இவர்கள் நிஜமாகவே அமெச்சூர்களா, அல்லது பெயருக்குத்தானா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள், எனக்கு அவசரமில்லை.

வலைகாப்பான்:

இதற்குக் கனடாவின் அமெச்சூர் கோப்பையான ஆலன் கோப்பையிலிருந்து தொடங்க வேண்டும். இன்று என்எச்எல் என்ற சம்பள ஹாக்கி லீக்கின் சாம்பியனுக்குப் போகும் ஸ்டான்லி கோப்பை 1893இல் முதலில் வழங்கப்பட்டபோது அது அமெச்சூர் அணிகளுக்கானது, எந்த ஊர் அணியும் சவால் விடலாம். அதனால்தான் 1904 டிசம்பரில் யூகோனில் இருக்கும் டாசன் சிட்டியிலிருந்து, தங்கம் தேடிப் போனவர்களின் ஊரிலிருந்து, ஓர் அணி கிளம்பி நடந்தும் கப்பலிலும் ரயிலிலுமாகச் சுமார் 6,400 கிலோமீட்டர் கடந்து 1905 ஜனவரியில் ஒட்டாவா வந்து சேர்ந்தது. வந்து 9-2, 23-2 என்று உதை வாங்கினார்கள். இரண்டாவது ஆட்டத்தில் ஒட்டாவாவின் ஃபிராங்க் மெகீ ஒருவரே 14 கோல் அடித்தார். இந்தக் கதையை யார் சொன்னாலும் சிரிப்பு வரும், ஆனால் அந்தக் கோப்பையின் கதவு எவ்வளவு அகலமாகத் திறந்திருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

பிறகு சம்பள ஆட்டக்காரர்கள் நுழைந்ததும் ஸ்டான்லி கோப்பை அவர்கள் பக்கம் போய்விட்டது. அமெச்சூர்களுக்கென்று ஒன்று வேண்டும் என்று சர் மாண்டேகு ஆலன் கொடுத்ததுதான் ஆலன் கோப்பை, 1909 முதல் நடக்கிறது. 1914இல் கனடா அமெச்சூர் ஹாக்கி சங்கம் உருவானது. மேற்கில் ஜெயித்தவர்களும் கிழக்கில் ஜெயித்தவர்களும் கடைசியில் மோதுவார்கள். நீங்கள் கேட்ட முடிச்சு இங்கேதான் இருக்கிறது: உலகப் போட்டிக்கும் ஒலிம்பிக்கிற்கும் தனியாக ஒரு தேசிய அணி என்று அப்போது கிடையாது. ஆலன் கோப்பை சாம்பியனையோ, அவர்களால் முடியாவிட்டால் இறுதிப் போட்டிவரை வந்த அணியையோ, அதுவும் இல்லாவிட்டால் யார் கிடைக்கிறார்களோ அவர்களையோ அனுப்பிவிடுவார்கள், நாலைந்து ஆட்டக்காரர்களைக் கடன் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். 1960இல் ஆலன் கோப்பையை வென்றது சாத்தம் மரூன்ஸ், டிரெயில் இரண்டாவது இடம். சாத்தம் போகவில்லை, டிரெயில் போனது, உலக சாம்பியனாகத் திரும்பி வந்தது.

மாண்ட்ரியல், டொராண்டோ பற்றிக் கேட்டீர்களே, அங்கே நல்ல ஆட்டக்காரன் என்எச்எல் பக்கம்தான் பார்ப்பான். ஆறே அணிகள் இருந்த காலம், ஒவ்வொன்றிலும் இருபது பேருக்குள்தான் இடம். அந்த வாசலில் நின்று இடம் கிடைக்காமல் திரும்பியவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். டிரெயில் மாதிரி ஊர்கள் அவர்களுக்குத்தான் வலை வீசின.

பெட்டியில்_இரண்டு_நிமிடம்:

வலைகாப்பான் சொன்னதெல்லாம் சரி, ஆனால் கடைசி வரியில் தொட்டுவிட்டு நழுவுகிறார். "சின்ன ஊரின் அதிசயம்" என்று எழுதுகிறார்களே, அதில் பாதி அதிசயத்துக்குச் சம்பளப் பட்டியல் கம்பெனி அலுவலகத்தில் இருந்தது.

கிம்பர்லியில் சல்லிவன் சுரங்கம், ஈயமும் துத்தநாகமும். அந்தத் தாது ரயிலேறிப் போன இடம் டிரெயில் உருக்காலை. இரண்டும் ஒரே கம்பெனியுடையவை. கிம்பர்லி டைனமைட்டர்ஸ் 1936இல் ஆலன் கோப்பை, 1937இல் லண்டனில் உலக சாம்பியன். டிரெயில் 1938இல் ஆலன் கோப்பை, 1939இல் சுவிட்சர்லாந்தில் உலக சாம்பியன். நடுவில் 1938இல் பிராகில் ஜெயித்தது யார்? சட்பரி வுல்வ்ஸ். சட்பரி நிக்கல் சுரங்க நகரம். மூன்று வருடம் தொடர்ச்சியாக உலகக் கோப்பை சுரங்கத்துக்கும் உருக்காலைக்கும் போயிருக்கிறது, இது தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

காலத்தைப் பாருங்கள், 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுப்பகுதி. கோதுமை விளையும் மாகாணங்களில் வேலையே இல்லை. அந்த நேரத்தில் ஸ்கேட்டிங் நன்றாகத் தெரிந்த ஒரு இருபத்திரண்டு வயது இளைஞனிடம் "வந்து ஆடு, ஆலையில் நிரந்தர வேலை" என்று சொன்னால் அவனுக்கு அது என்எச்எல்லை விடப் பெரிது. ஹாக்கிக்கு என்று ஒரு காசு கொடுக்கவில்லை, ஆகவே அமெச்சூர். வேலைக்குத்தான் கூலி. ஆட்டம் இருக்கும் நாளில் அந்த வேலை எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்கும் லாபம்தான், மலைக்குள் குளிர்காலம் முழுக்க அடைபட்டுக் கிடக்கும் தொழிலாளிகளுக்குச் சனிக்கிழமை ராத்திரி கத்துவதற்கு ஒரு காரணம் கிடைத்தது, ஊரைவிட்டு ஓடாமல் இருந்தார்கள்.

ஜூனியர் பக்கமும் இதே கதைதான். மனிடோபாவின் வடக்கு மூலையில் ஃபிளின் ஃபிளான், செம்புச் சுரங்க ஊர். அவர்களுடைய பாம்பர்ஸ் அணி 1957இல் ஜூனியர்களுக்கான தேசியக் கோப்பையான மெமோரியல் கோப்பையை ஏழாவது ஆட்டம் வரை இழுத்து ஒட்டாவாவிடமிருந்து பறித்தது. பையன்களுக்குச் சுரங்கக் கம்பெனியில் வேலை.

பென்டிக்டன் வீஸ் இன்னும் சுவாரசியம். பீச் தோட்டங்களின் ஊர், அணியின் பெயரே வி எழுத்தில் தொடங்கும் மூன்று பீச் ரகங்களிலிருந்து வந்தது, அழகுதான். ஆனால் ஆடியது யார்? கிராண்ட் வார்விக், 1942இல் என்எச்எல்லின் சிறந்த புதுமுகம் விருது வாங்கியவர், நியூயார்க் ரேஞ்சர்ஸ் ஆள். திரும்ப அமெச்சூர் ஆக அனுமதி வாங்கி வந்தார். அவருடைய தம்பிகள் பில், டிக் இருவரும் அதே அணியில். தோட்டத்தில் பழம் பறித்துவிட்டுச் சாயங்காலம் ஹாக்கி ஆடிய கூட்டம் என்று யாரும் மயங்க வேண்டாம்.

செண்பகம்77:

கொஞ்சம் பொறுங்கள், எல்லாவற்றையும் கம்பெனிக் கணக்கில் எழுதிவிட்டால் கெனோராவை எங்கே வைப்பீர்கள்? ஒண்டாரியோவின் மேற்கு ஓரம், சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர். 1905 வரை ராட் போர்ட்டேஜ் என்று பெயர். கெனோரா திஸில்ஸ் 1903, 1905 இரண்டு முறை ஸ்டான்லி கோப்பைக்குச் சவால் விட்டுத் தோற்றுத் திரும்பி, 1907 ஜனவரியில் மாண்ட்ரியலுக்கே போய் வாண்டரர்ஸை 4-2, 8-6 என்று இரண்டு ஆட்டத்திலும் அடித்துக் கோப்பையைத் தூக்கி வந்தார்கள். டாமி பிலிப்ஸ், சை கிரிஃபிஸ், டாம் ஹூப்பர், பில்லி மெகிம்சி நாலு பேரும் பிறகு ஹாக்கி புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்கள். சிறு வயதிலிருந்து ஒன்றாக ஸ்கேட் செய்து வளர்ந்த பையன்கள்தான் அந்த அணியின் முதுகெலும்பு. அவ்வளவு சின்ன ஊர் வேறு எதுவும் இன்றுவரை ஸ்டான்லி கோப்பையை வென்றதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இங்கே ஆண்கள் கதை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒண்டாரியோவின் பிரெஸ்டன் என்ற சிற்றூரில் சாஃப்ட்பால் ஆடிய பெண்கள் குளிர்காலத்துக்கு ஒரு விளையாட்டு வேண்டும் என்று தொடங்கியது பிரெஸ்டன் ரிவுலெட்ஸ். 1930கள் முழுக்க ஒண்டாரியோவில் அவர்களை அசைக்க ஆளில்லை, நாடளாவிய சாம்பியன் பட்டத்தையும் பல முறை வென்றார்கள். ஹில்டா ரான்ஸ்கோம் அந்த அணியின் நட்சத்திரம். அவர்களுக்கு எந்த உருக்காலையும் வேலை தரவில்லை, வெளியூர்ப் பயணத்துக்குப் பணம் திரட்டுவதே பெரும்பாடு. போர் வந்ததும் எல்லாம் நின்றது. 1937இல் லண்டனுக்குக் கப்பலேறிய டைனமைட்டர்ஸை விட எனக்கு இவர்கள்தான் அமெச்சூர் என்பதற்கு நெருக்கம்.

பெட்டியில்_இரண்டு_நிமிடம்:

ரிவுலெட்ஸ் விஷயத்தில் மறுபேச்சே இல்லை. ஆனால் கெனோராவை இந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். 1907இல் மனிடோபா லீக் ஏற்கெனவே சம்பள ஆட்டக்காரர்களை வெளிப்படையாக அனுமதித்துவிட்டது. அந்த மாண்ட்ரியல் தொடருக்குக் கெனோரா யாரைக் கடன் வாங்கியது தெரியுமா? பிராண்டனிலிருந்து ஆர்ட் ராஸ். ஆமாம், அதே ஆர்ட் ராஸ்தான், பிற்காலத்தில் பாஸ்டன் புருயின்ஸ் என்ற என்எச்எல் அணியை நடத்தியவர். மார்ச் மாதம் வாண்டரர்ஸ் திருப்பி அடித்துக் கோப்பையைக் கொண்டு போய்விட்டார்கள், மொத்தமாக இரண்டு மாத ராஜ்யம்.

ஊர்ப் பையன்கள் என்பது சரி. அமெச்சூர் என்பது இல்லை. இரண்டும் வேறு வேறு கேள்வி.

செண்பகம்77:

அந்தத் தொடரில் ஆடியவர்களில் கடன் வாங்கியவர் ஒருவர், மற்றவர்களில் பெரும்பாலானோர் ஊர்க்காரர்கள். உங்கள் பென்டிக்டனில் விகிதம் தலைகீழ். நான் என் பட்டியலில் கெனோராவை வைத்துக்கொள்கிறேன், நீங்கள் உங்கள் பட்டியலில் விட்டுவிடுங்கள் :)

நீலக்கோடு:

நிறையத் தெரிந்துகொண்டேன், நன்றி. இந்த ஏற்பாடு ஏன் முடிந்தது? 1961க்குப் பிறகு இந்த ஊர்ப் பெயர்கள் சட்டென்று காணாமல் போகின்றன.

வலைகாப்பான்:

சோவியத் யூனியன். 1954இல் ஸ்டாக்ஹோமில் அவர்கள் முதன்முதலாக வந்தார்கள். கனடா அனுப்பியது ஈஸ்ட் யார்க் லிண்ட்ஹர்ஸ்ட்ஸ், டொராண்டோ பக்கத்து அணி, அதுவும் சீனியர் பி, அதாவது இரண்டாம் தட்டு. 7-2 என்று தோற்றார்கள், ஊரே கொந்தளித்தது. பென்டிக்டன் அடுத்த வருடம் மேற்கு ஜெர்மனியின் க்ரெஃபெல்டில் சோவியத்தை 5-0 என்று அடித்தபோது நாடே வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் அந்தக் காயம்தான். புகழ்பெற்ற வர்ணனையாளர் ஃபாஸ்டர் ஹெவிட் நேரில் போய் வர்ணனை செய்தார். விட்பி டன்லப்ஸ் 1958இல் ஒஸ்லோவில் 4-2 என்று அதே சோவியத்தை ஜெயித்தது. அந்த விட்பி கேப்டன் ஹாரி சிண்டன்தான் 1972இல் சோவியத்துக்கு எதிரான புகழ்பெற்ற தொடரில் கனடாவின் பயிற்சியாளர்.

1961இல் டிரெயில் தங்கம் வாங்கியதும் மயிரிழையில்தான். செக்கோஸ்லோவாக்கியாவோடு 1-1 டிரா, கடைசி ஆட்டத்தில் சோவியத்தை 5-1, செக்குகளும் அதே புள்ளி, கோல் வித்தியாசத்தில் முடிந்தது. கோல் கீப்பர் சேத் மார்ட்டின் போட்டியின் சிறந்த கோல் கீப்பராகத் தேர்வானார். 1963இல் மறுபடியும் டிரெயிலையே அனுப்பினார்கள், நாலாவது இடம். எதிரே நிற்பவர்கள் வருடம் முழுக்க ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள், காகிதத்தில் ராணுவ அதிகாரிகள், நிஜத்தில் முழுநேர ஹாக்கிக்காரர்கள். (ஆலை வேலை கொடுத்து அமெச்சூர் என்று சொன்னவர்கள் இதைப் பார்த்துக் கோபப்பட்டதுதான் வேடிக்கை.) 1964 ஒலிம்பிக்கிற்கு ஃபாதர் டேவிட் பவர் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு தேசிய அணியைக் கட்டினார், அதோடு ஊர்க் கிளப்புகளின் கதை முடிந்தது. 1961க்குப் பிறகு கனடா அடுத்த உலகத் தங்கத்தைப் பார்த்தது 1994இல்.

உள்ளூரிலும் தொலைக்காட்சி வந்து சனிக்கிழமை ராத்திரியை எடுத்துக்கொண்டது, 1967இல் என்எச்எல் ஆறு அணியிலிருந்து பன்னிரண்டு ஆனது, முன்பு வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் உள்ளே இடம். முப்பத்து நாலு வயதில் சேத் மார்ட்டினே செயின்ட் லூயிஸ் ப்ளூஸில் ஒரு சீசன் ஆடினார்.

குளிர்காற்று:

ஆலன் கோப்பை அதோடு செத்துவிடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பெரிய கூட்டம் போய்விட்டது, சின்ன ஊர்கள் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டன. 2003இல் மனிடோபாவின் ஈல் தே ஷேன் கிராமம் ஜெயித்தது. ஆல்பர்ட்டாவில் பென்ட்லி என்று ஆயிரம் பேர் சொச்சம் வாழும் ஊர், பென்ட்லி ஜெனரல்ஸ் 2009, 2013 இரண்டு முறை. நியூஃபவுண்ட்லாந்தில் கிளாரன்வில் 2011.

ஆனால் எனக்குப் பிடித்தது எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மினசோட்டாவின் வாரோட், ரெண்டாயிரம் பேர்கூட இல்லை. செண்பகம் சொன்ன கெனோரா இருக்கும் அதே லேக் ஆஃப் த வுட்ஸ் ஏரியின் தென்மேற்குக் கரை. வாரோட் லேக்கர்ஸ் அமெரிக்க அணியாக இருந்தும் கனடியர்களோடு ஆடி 1994, 1995, 1996 மூன்று வருடம் தொடர்ச்சியாக ஆலன் கோப்பையைத் தூக்கினார்கள், 1997இல் அணியைக் கலைத்தார்கள். பில், ரோஜர் கிறிஸ்டியன் சகோதரர்கள் இந்த ஊர், 1960 ஒலிம்பிக்கில் சோவியத்துக்கு எதிரான அமெரிக்காவின் 3-2 வெற்றியில் சமன் செய்த கோலும் வெற்றிக் கோலும் பில் அடித்தவை. அவருடைய மகன் டேவ் 1980 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில். அந்தச் சகோதரர்கள் ஊரிலேயே ஹாக்கி மட்டை செய்யும் தொழிற்சாலையும் நடத்தினார்கள்.

பெட்டியில் உட்கார்ந்திருப்பவர் இதையும் கம்பெனிக் கணக்கில் எழுதுவாரா என்று பார்க்கிறேன்.

பெட்டியில்_இரண்டு_நிமிடம்:

வாரோடில் பெரிய ஜன்னல் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது, லேக்கர்ஸை ஆரம்பித்த கால் மார்வின் அந்தக் குடும்பம்தான். எழுதிவிட்டேன்.