ஏற்காடு ஏறினா கிளட்ச் பெடல் தரையோட நின்னுடுது, மாஸ்டர் மாத்தியும் தீரல

கொண்டைஊசி20:
பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கிற கூடு) உள்ளேயே ஸ்லேவ் (ஆயில் அழுத்தத்துல கிளட்சை விடுவிக்கிற சிலிண்டர்) இருக்கிற ஸ்போர்ட்ஸ் கார். பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் புதுசு, கிளட்ச் ஆயில் டாட் 3 ரகம். அடிவாரத்துல நல்லா இருக்கு. 20 வளைவும் ஏறி முடிக்கறதுக்குள்ள பெடல் மேல வர்றதில்ல, வண்டி ஆறினா வந்துடுது. ஆயில் சீக்கிரமே கறுக்குது. கியர்பாக்ஸ் இறக்கணுமா அண்ணா?

அஸ்தம்பட்டி ஸ்பேனர்:
அவசரப்படாதீங்க தம்பி. ஆயில் டப்பாவுல லெவல் குறையுதா? குறைஞ்சா பெல் ஹவுசிங் அடியில ஈரம் இருக்கான்னு பாருங்க. குறையலன்னா முதல் சந்தேகம் ஆயில் கொதிக்கிறதுதான், ஆவிக் குமிழி வந்தா பெடல் அமுங்கிடும். டாட் 3 புதுசுல 205 டிகிரி தாங்கும், காத்து ஈரத்தை இழுத்தா 140. டாட் 4-க்கு அது 230, 155. அரை லிட்டர் டாட் 4 வாங்கி முழுசா மாத்துங்க. சிலிக்கான் டாட் 5 மட்டும் வேண்டவே வேண்டாம். ப்ளீட் பண்றப்ப (லைன்ல இருக்கிற காத்தை வெளியேத்துறப்ப) பெடலை மிதி, காத்து போற நிப்பிளைத் திற, மூடு, அப்புறம்தான் பெடலைக் கையால தூக்கணும். பெயிண்ட்ல சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவிடுங்க.

மலைப்பாதை:
புஷ்ராடையும் (பெடல்ல இருந்து மாஸ்டர் பிஸ்டனைத் தள்ளுற கம்பி) பாருங்க. மாஸ்டர் மாத்தினவங்க விளையாட்டே இல்லாம இறுக்கி விட்டிருந்தா பிஸ்டன் முழுசா திரும்பாது, ஆயில் டப்பாவுக்குப் போற துவாரம் மூடியே கிடக்கும். கறுப்பு நிறம் பெரும்பாலும் சீல் ரப்பர் தேயறது. டாட் 4 மாத்தியும் மறுபடி கறுத்தா ஸ்லேவ்தான், இறக்கியே ஆகணும். இறக்கினா ரிலீஸ் பேரிங், டிஸ்க், ரப்பர் ஹோஸ் எல்லாம் சேர்த்துப் பார்த்துடுங்க, கூலி ஒண்ணுதான். கியர்பாக்ஸ் மாட்டுறதுக்கு முன்னாடி யாரும் பெடலைத் தொடக்கூடாது, புது ஸ்லேவ் பிஸ்டன் வெளியே வந்துடும்.