தொற்றுநோய்த் தடுப்பில் பொறியியலாளருக்கு என்ன வேலை?

உப்புவெளி:
திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். தொற்றுநோய் வைத்தியர்களின் விடயம்தானே, அதில் பொறியியலாளருக்கும் மானிடவியலாளருக்கும் என்ன வேலை என்று ஒரு மாணவி கேட்டார். நான் சொன்ன பாடநூல் விடை எனக்கே போதவில்லை. வறிய நாடுகளில் பல துறையினர் சேர்ந்து இயங்குவது நடைமுறையில் எப்படி இருக்கிறது?

தம்பலகாமம்:
நான் ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர். 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது, சீமெந்துத் தொட்டிகளை வெறுமையாக்கும்படி வீடு வீடாகச் சொல்லிச் சென்றோம். "பைப்பில தண்ணி எப்ப வருமெண்டு சொல்லுங்க மகன், இப்பவே ஊத்திர்றன்" என்றார் ஒரு மூதாட்டி. அதற்கான பதில் நீர்வழங்கல் பொறியியலாளரிடம் இருந்தது. அவரையோ நாங்கள் ஒரு கூட்டத்துக்கும் அழைத்திருக்கவில்லை. தவிரவும், நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் முட்டையிடுவதாலும், அம்முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் நீர் பட்டதும் பொரிப்பதாலும், தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது, தும்பால் சுவரைத் தேய்க்கவும் வேண்டும். பூச்சியியல் உத்தியோகத்தர் ஒருவர் தொட்டிக்குள் கைவிட்டு அதைச் செய்துகாட்டிய பின்னர்தான் சனம் நம்பியது.

கொட்டியாரம்:
மானிடவியலாளரைப் பற்றிக் கேட்டதால் எபோலாவைச் சொல்கிறேன். 2014இல் கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய நாடுகளில், இறந்தவரின் உடலைக் கழுவி அடக்கும் வழக்கத்தினாலும் நோய் பரவியது. முகம் தெரியாத கவச உடைக்காரர் உடலைத் தூக்கிச் சென்றபோது, குடும்பங்கள் நோயாளிகளை மறைக்கத் தொடங்கின. உறவினர் தள்ளி நின்று பார்க்கவும் மதகுரு பிரார்த்திக்கவும் இடம்தரும் அடக்க முறை, மானிடவியலாளரும் மதத் தலைவர்களும் சேர்ந்து பேசிய பின்னரே வகுக்கப்பட்டது. அதை முதலிலேயே செய்திருக்கலாம் என்பது என் எண்ணம்; 11,000க்கு மேற்பட்டோர் இறந்த கொள்ளைநோய் அது.

நிலாவெளி:
எனக்குச் சிறு மறுப்பு உண்டு. இலங்கை மலேரியாவை ஒழித்ததாக 2016இல் உலக சுகாதார அமைப்பு சான்றளித்தது, கூட்டங்கள் பல கூடியதால் அல்ல. வைத்தியரும் பூச்சியியலாளரும் இரத்தப்பூச்சை நுணுக்குக்காட்டியில் பார்த்துக் கிருமியைத் தேடுபவரும் ஒரே மலேரியா எதிர்ப்பு இயக்கத்தின் கீழ் வேலை செய்ததே பெரிய காரணம். 1963இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தும், கண்காணிப்புத் தளர்ந்ததும் சில ஆண்டுகளில் நோய் இலட்சக்கணக்கில் திரும்பியது. பின்னர் மன்னாரில், மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்புகளில், கிணறுகளில் பெருகும், நாட்டுக்குப் புதிய இனமொன்றும் கண்டறியப்பட்டது.

தம்பலகாமம்:
உடன்படுகிறேன். ஆனால் கிணறும் தொட்டியும் என்றால், மறுபடியும் அந்தப் பொறியியலாளரைத்தான் தேடிப் போகவேண்டும்.