ஆட்டு முட்டைசெல்லில் ஸ்பிண்டில் (குரோமோசோம்களைப் பிரிக்கும் நுண்குழல் அமைப்பு) சிதறித் தெரிகிறதே, ஏன்?

வெண்ணாற்றங்கரை, ஒரத்தநாடு:
கும்பகோணம் பக்கமிருந்து ஆட்டுச் சூலகம் வாங்கி வந்து முட்டைசெல்லை முதிர்விக்கிறோம். டிசிஎம்-199 வளர்ப்பு ஊடகம், எஃப்எஸ்ஹெச் ஹார்மோன், 10% சீரம், 38.5 டிகிரி, 5% கார்பன் டை ஆக்சைடு, 24 மணி நேரம். முட்டைசெல்லைச் சூழ்ந்த கியூமுலஸ் செல்கள் நன்றாக விரிகின்றன. ஆனால் பாதிக்கு மேற்பட்டவற்றில் துருவ செல் (முதிரும்போது வெளித்தள்ளப்படும் சிறு செல்) வருவதில்லை. நுண்குழல்களின் புரதமான டியூபுலினுக்குச் சாயம் ஏற்றினால், பீப்பாய் வடிவில் இருக்க வேண்டிய ஸ்பிண்டில் பிய்த்துப்போட்ட கயிற்றுநார் மாதிரி கிடக்கிறது. ஸ்பிண்டில் முனைகளை அமைக்க உதவும் சென்ட்ரியோல் இல்லாத செல்லில் இது இயல்பா, எங்கள் கைக்கோளாறா?

கொள்ளிடம்:
பெரும்பாலும் கைக்கோளாறுதான். சென்ட்ரியோல் இல்லாவிட்டாலும் மாற்று ஏற்பாடு உண்டு. குரோமோசோமில் ஒட்டியிருக்கும் ஆர்சிசி1 என்ற புரதம் தன்னைச் சுற்றி ரான்-ஜிடிபி என்ற சைகை மூலக்கூறை உண்டாக்கும். அது, நுண்குழலை முளைக்க வைக்கும் டிபிஎக்ஸ்2 புரதத்தை இம்போர்ட்டின் என்ற புரதத்தின் பிடியிலிருந்து விடுவிக்கும். அங்கேயே நுண்குழல்கள் முளைக்கும். கைனெசின்-5 என்ற மோட்டார் புரதம் அவற்றை இரு பக்கமும் தள்ளும், நியூமா புரதம் முனைகளைச் சேர்த்துக் கட்டும். சுண்டெலியில் சுமார் 80 சிறு நுண்குழல் மையங்களும் கூடிவரும்; அந்தப் படத்தை ஆட்டுக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

இந்த அமைப்புக்குக் குளிர் ஆகாது. ஏசி அறையில் டிஷ்ஷை வெளியே வைத்துக் கியூமுலஸ் உரித்தாலே நுண்குழல் சில நிமிடங்களில் கரையத் தொடங்கும். செல்லை நிலைப்படுத்தும் பாராஃபார்மால்டிஹைடை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றுகிறீர்களா? 37 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றுங்கள். கியூமுலஸை உரிக்கும் ஹயலுரானிடேஸ் நொதியும் அப்படியே. சூடான ஸ்டேஜில் 38 என்று காட்டினால் போதாது, துளிக்குள் தெர்மோகப்பிள் வைத்து அளந்து பாருங்கள். சூலகத்தை 0.9% சலைனில், 30–35 டிகிரி பிளாஸ்கில் கொண்டுவாருங்கள். ஐஸ் வேண்டாம். சித்திரை வெயிலில் எதிர்ச்சிக்கல்: பிளாஸ்க் 40-ஐத் தாண்டிவிடும்.

குறுவை:
துருவ செல் வராதவை எந்தக் கட்டத்தில் நிற்கின்றன என்று முதலில் பிரியுங்கள். ஆட்டு முட்டைசெல்லில் கொழுப்பு அதிகம், கருப்பாக இருக்கும். எலியைப் போல உட்கரு வெறுமனே தெரியாது. டிஎன்ஏ சாயமான ஹோக்ஸ்ட் 33342 போட்டே தீர வேண்டும்.

உட்கரு அப்படியே இருந்தால் முதிர்வைத் தடுத்துவைக்கும் சைக்ளிக் ஏஎம்பி இறங்கவில்லை, பிரிவைத் தொடங்கும் சிடிகே1 நொதி விழிக்கவில்லை. மெட்டாஃபேஸ் 1-ல் (முதல் பிரிவில் குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கும் கட்டம்) நின்றால், முட்டைசெல் இருந்த சூலக நுண்ணறையின் அளவைப் பாருங்கள், 2 மி.மீ.க்குக் கீழ் உறிஞ்சியவை அதோடு நின்றுவிடுவது சகஜம். அளவு சரியென்றால் 27 மணி வரை விடுங்கள். ஏபிசி என்ற புரதத் தொகுப்பு, சைக்ளின் பி, செக்யூரின் ஆகிய தடுப்புப் புரதங்களைச் சிதைத்தால்தான் செபரேஸ் நொதி விடுபட்டு, குரோமோசோம் கைகளைப் பிணைத்து வைக்கும் ரெக்8 புரதத்தை வெட்டும்.

வெண்ணாற்றங்கரை:
சேகரிக்கும் திரவத்தில் ஐபிஎம்எக்ஸ் சேர்க்கிறோம். ஒருமுறைதான் கழுவுகிறோம்.

குறுவை:
அப்போது அதைத்தான் முதலில் பாருங்கள், தம்பி. ஐபிஎம்எக்ஸ், சைக்ளிக் ஏஎம்பியைச் சிதைக்கும் பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதியைத் தடுத்து, சைக்ளிக் ஏஎம்பியை உயர்த்தியே வைக்கும். மூன்று புதுத் துளிகளில் மாற்றி மாற்றிக் கழுவுங்கள்.

கொள்ளிடம்:
ஒன்று சேர்க்கிறேன். துருவ செல் வந்ததாலேயே குரோமோசோம் கணக்கு சரியென்று எழுதிவிடாதீர்கள். முட்டைசெல்லின் ஸ்பிண்டில் காவல் (குரோமோசோம்கள் சரியாகப் பிணைந்தனவா என்று பார்க்கும் ஏற்பாடு) தளர்வானது. ஓரிரு குரோமோசோம் விலகி நின்றாலும் பிரிந்துவிடும். மெட்டாஃபேஸ் 2-ல் (இரண்டாம் பிரிவின் அதே கட்டம்) 30 குரோமோசோம் இருக்கிறதா என்று எண்ணுங்கள். ஸ்பிண்டில் அழகாக இருந்தும் செல்லின் நடுவிலேயே நின்றால் ஆக்டின் என்ற இழைப் புரதத்தைச் சந்தேகியுங்கள். ஸ்பிண்டிலை ஓரத்துக்கு நகர்த்துவது ஃபார்மின்-2 என்ற புரதம் கட்டும் ஆக்டின் வலைதான்.