சமித்தியே: கோல் கணக்கு, 1929 பட்டம், பழைய ஆஃப்சைடு விதி

கோத்தகிரி நண்பர் (கேள்வி):
எல்லாருக்கும் வணக்கம். எஸ்டேட் கால்பந்துப் போட்டியையொட்டி, மன்றத்துச் சுவரில் பழைய ஆட்டக்காரர்களைப் பற்றி அட்டைகள் வைக்கிறோம். ஸ்பெயினின் பார்சிலோனா கிளப்பில் ஆடிய ஜுசெப் சமித்தியே அட்டைதான் முடியாமல் நிற்கிறது. அவர் கோல் எண்ணிக்கை ஓரிடத்தில் 300க்கு மேல் என்கிறது, இன்னோரிடத்தில் 200க்குள். 1929 லீக் பட்டத்தின் பயிற்சியாளர் யார் என்பதிலும் குழப்பம்: ஃபோர்ன்ஸ் என்றும் இருக்கிறது, பெல்லமி என்றும் இருக்கிறது. இதோடு, பைனலுக்கு முன்னால் அந்தக் காலத்து விதிப்படி பையன்களை வைத்து அரை மணி நேரக் காட்சி ஆட்டம் நடத்த நினைக்கிறோம். விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

குன்னூர் அண்ணன்:
இரண்டு எண்ணும் பொய்யில்லை தம்பி, எதை எண்ணினார்கள் என்பதுதான் வேறு. ஸ்பெயினில் தேசிய லீக் தொடங்கியதே 1929 பிப்ரவரியில்தான். சமித்தியே 1919லேயே பார்சிலோனாவுக்கு வந்துவிட்டார். நடுவில் இருந்த பத்து வருஷமும் கத்தலான் சாம்பியன்ஷிப், அரசர் கோப்பை, அதற்கு மேல் ஏராளமான நட்பு ஆட்டங்கள். வெளிநாட்டு அணிகளை வரவழைத்து ஆடும் அந்த நட்பு ஆட்டங்களுக்கு அன்று நல்ல கூட்டம் வந்தது, கிளப்பும் அதையெல்லாம் பதிவில் வைத்திருக்கிறது. அதைச் சேர்த்தால் 300 தாண்டும். போட்டி ஆட்டம் மட்டும் என்றால் 200க்குள் நிற்கும். அதே கிளப்பில் ஆடிய அல்காந்தராவின் 369ம் நட்பு ஆட்டங்கள் சேர்ந்த கணக்குதான். ஆகவே எந்த எண்ணைப் போட்டாலும் பக்கத்திலேயே "நட்பு ஆட்டங்கள் சேர்த்து" அல்லது "சேர்க்காமல்" என்று எழுதிவிடுங்கள். இன்றைய வீரரின் லீக் கோலோடு ஒரே வரிசையில் மட்டும் வைக்க வேண்டாம், அது அவருக்கும் நியாயமில்லை, இவருக்கும் நியாயமில்லை.

1929ல் சமித்தியே ஆட்டக்காரர். பயிற்சியாளராகத் தொடங்கியவர் ரோமா ஃபோர்ன்ஸ். அவரும் 1900களில் அதே கிளப்பின் பார்வர்டு, 1928 அரசர் கோப்பையும் அவர் காலத்தில் வந்ததுதான். லீக் நடந்துகொண்டிருக்கும்போதே பொறுப்பு இங்கிலாந்துக்காரர் ஜேம்ஸ் பெல்லமியிடம் போனது. அதனால் இரண்டு பெயரையும் போடுவதுதான் சரி. 18 ஆட்டம், பார்சிலோனாவுக்கு 25 புள்ளி, இரண்டாவதாக வந்த ரியல் மாட்ரிட்டுக்கு 23.

ஊட்டி ரெஃப்ரி:
காட்சி ஆட்டத்தை இரண்டு பாதியாகப் பிரியுங்கள். முதல் 15 நிமிடம் 1925க்கு முந்தைய விதி, அடுத்த 15 நிமிடம் பிந்தையது. வித்தியாசம் பார்வையாளருக்கு அப்போதுதான் கண்ணில் படும்.

பழைய விதியில், பந்து கொடுக்கும் நொடியில் பார்வர்டுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். கோலியும் (கோல்கீப்பர்) அதில் ஒருவர். குறைந்தால் ஆஃப்சைடு. 1925ல் மூன்று, இரண்டு ஆனது. மூன்று பேர் விதியில் ஒரு பேக் (தடுப்பாட்டக்காரர்) முன்னே ஏறிவிட்டாலே போதும், பார்வர்டு சிக்கிக்கொள்வார். இன்னொரு பேக் பின்னால் காவலுக்கு நிற்கலாம். அதனால்தான் அன்று கோல் வறண்டது, விதியையும் மாற்றினார்கள்.

லைன்ஸ்மேன்கள் தடுமாறும் இடமும் இதுதான். இன்றைய பழக்கத்தில் கடைசிக்கு முந்தையவரோடு ஓடுவார்கள். முதல் பாதியில் கோலியையும் சேர்த்து, பின்னாலிருந்து மூன்றாவது ஆளோடு ஓட வேண்டும். முந்தின நாளே ஒரு முறை ஓடவிட்டுப் பாருங்கள். ஆட்டத்தைக் காலையில் வையுங்கள். மத்தியானத்துக்கு மேல் மஞ்சு இறங்கினால் எதிர்ப்பக்கத்து ஆள் யாரென்றே தெரியாது.

மற்றவை: மாற்று ஆட்டக்காரர் கிடையாது. சொந்த ஆள் காலால் தள்ளிய பந்தைக் கோலி கையில் எடுக்கலாம் (தடை 1992ல்தான்). பெனால்டியில் கோலி கோட்டின்மேலேயே இப்படியும் அப்படியும் நகரலாம். அசையாமல் நிற்க வேண்டும் என்பது 1929ல் வந்தது. பெனால்டி கட்டத்துக்கு வெளியே உள்ள அரைவட்டத்தைச் சுண்ணாம்பில் போட வேண்டாம், அது 1937ல் வந்தது.

கோத்தகிரி நண்பர்:
ரொம்ப நன்றி சார். ஆள் நிறுத்துவது 2-3-5 தானே? சமித்தியே இடத்தில் வரும் பையனை எங்கே நிறுத்துவது?

குன்னூர் அண்ணன்:
2-3-5 தான். இரண்டு பேக், நடுவில் மூன்று ஹாஃப், முன்னே ஐந்து பார்வர்டு. பையன்கள் செய்யும் தப்பு, ஐந்து பேரையும் ஒரே கோட்டில் நிறுத்திவிடுவது. அப்படி நின்றால் ஹாஃபுக்கும் பார்வர்டுக்கும் நடுவில் பெரிய ஓட்டை விழும், பந்து அங்கேயே செத்துப்போகும். சென்டர் பார்வர்டுக்கு இருபுறமும் வரும் இரண்டு இன்சைடு பார்வர்டுகளும் ஏழெட்டு மீட்டர் பின்னால் நிற்கட்டும். சென்டர் ஹாஃப், பின்னாலேயே நின்று தடுக்கும் இன்றைய ஸ்டாப்பர் இல்லை. அணியின் அச்சே அவர்தான், தாக்குதலுக்கும் போக வேண்டும், தடுப்புக்கும் திரும்ப வேண்டும். மூச்சு தாங்கும் பையனை அங்கே போடுங்கள். எதிரணி விங்கைப் பிடிப்பது ஹாஃபா பேக்கா என்பதை முன்கூட்டியே பேசி முடியுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒருவரிடமே ஓடுவார்கள்.

சமித்தியே தொடக்கத்தில் ஹாஃப். 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் டென்மார்க்கோடு ஸ்பெயின் தேசிய அணி முதன்முதலாக ஆடியபோது, 18 வயதில் ரைட் ஹாஃபாக இறங்கினார். அங்கே வெள்ளிப் பதக்கமும் கிடைத்தது. பிறகுதான் கிளப்பில் பார்வர்டாக முன்னே போனார். அவர் ஆட்டத்தின் ருசியே அதில்தான்: கோலும் போடுவார், பின்னால் இறங்கிப் பந்தை வாங்கி ஆட்டத்தையும் கட்டுவார். ஆகவே முதல் பாதியில் அந்தப் பையனை ரைட் ஹாஃபாகவும் இரண்டாம் பாதியில் சென்டர் பார்வர்டாகவும் நிறுத்துங்கள்.

அட்டையின் பின்பாதிக்கு: 1933ல் கிளப்போடு மனத்தாங்கல், ரியல் மாட்ரிட் அணிக்குப் போனார். 1936ல் அத்லெத்திக் மாட்ரிட்டின் பயிற்சியாளர். அந்த அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. உள்நாட்டுப் போர் வந்ததும் பிரான்ஸுக்குப் போய் நீஸ் அணிக்கு ஆடினார். 1944 முதல் 1947 வரை பார்சிலோனாவின் பயிற்சியாளர். 1945ல் ரியல் மாட்ரிட்டைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக எடுத்து லீக் வென்றார்கள். 1929க்குப் பிறகு கிளப்புக்கு வந்த அடுத்த லீக் பட்டம் அதுதான். முதல் பட்டத்தில் ஆட்டக்காரர், இரண்டாவதில் பயிற்சியாளர்: அட்டையின் தலைப்பு வரியாக இதையே போடலாம். இடம் மிஞ்சினால், 1950ல் ஹங்கேரி வீரர் குபாலாவைப் பார்சிலோனாவுக்குக் கொண்டுவந்ததில் முக்கியப் பங்கு அவருடையது என்பதையும் சேருங்கள்.