பலர் கூடி எழுதும் ஆவணத்துக்குக் ‘கூட்டேடு’ என்னும் சொல்

அனைவருக்கும் வணக்கம்.

பலர் ஒரே நேரத்தில், அவரவர் கணினியிலிருந்து, ஒரே ஆவணத்தில் எழுதும் வசதிக்குப் ‘பகிர்வு ஆவணம்’, ‘ஒத்துழைப்பு ஆவணம்’, ‘கூட்டெழுத்து’ ஆகிய சொற்கள் இந்தக் கலைச்சொல் உரையாடலில் முன்மொழியப்பட்டுள்ளன. அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் கற்பித்துக்கொண்டு, அவ்வசதியைத் தரும் கூகுள் டாக்சை வகுப்பில் பயன்படுத்த இப்போதுதான் கற்றுவரும் ஆசிரியன் என்ற முறையில், இவை போதவில்லை என்று கருதுகிறேன்.

பகிர்தல் என்றதும் மாணவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்ப மற்றவர் படிப்பதே நினைவுக்கு வருகிறது. வகுப்பில் நடப்பது அதுவன்று. எங்கள் ஊர் ஏரியைப் பற்றிய கட்டுரையை ஒரு குழு எழுதியபோது, ஒரு மாணவி தமிழ்99 விசைப்பலகையில் தட்டிய ‘ப’, அடுத்த விசை விழுந்ததும் ‘பொ’ ஆவதை அறையின் மறுகோடியில் இருந்தவள் தன் திரையில் பார்த்தாள். அந்தச் சொல் முடியும் முன்பே மறுகோடியில் இருந்தவளின் பச்சைச் சுட்டி அதே வரியின் இறுதியில் நின்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியது. முன்னால் எழுத்துகள் சேரச் சேரப் பின்னால் இருப்பவற்றின் இடம் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த நகர்வைக் கணக்கிட்டு, ஒருவர் எழுதியது இன்னொருவர் எழுதியதைக் குலைக்காமல் பார்த்துக்கொள்ளும் வழிமுறையைக் கணினி அறிவியலாளர்களான எல்லிசும் கிப்சும் 1989இலேயே வெளியிட்டார்கள். கூடி எழுதுவதற்காகவே இவ்வளவு பாடுபட்ட கருவியை வெறும் பகிர்வு என்று சுருக்குவது எனக்கு உடன்பாடில்லை.

‘ஒத்துழைப்பு’ ஒருவர் வேலைக்கு மற்றவர் துணைநிற்பதைச் சொல்கிறது. இங்கே வேலை எல்லாருக்கும் உரியது. ‘கூட்டெழுத்து’ அழகான சொல்தான், ஆனால் இரண்டு எழுத்துகள் ஒட்டி ஒரே வடிவமாவதைக் குறிக்க அது முன்பே வழங்கிவருகிறது.

ஆகவே ‘கூட்டேடு’ என்பதை முன்வைக்கிறேன். குறிப்பேடு, பதிவேடு, நாளேடு என்று ஆசிரியர்கள் நாள்தோறும் புழங்கும் வரிசையில் இது இயல்பாகச் சேர்கிறது. ‘கூட்டேட்டைத் திற’, ‘கூட்டேட்டில் எழுது’ என்று வேற்றுமை ஏற்கும்போதும் நாக்கில் தடுக்கவில்லை. வரைவதற்கான பலகையைக் ‘கூட்டுப்பலகை’ என்றால் அதுவும் இக்குடும்பத்திலேயே நிற்கும். கருவியின் பெயரையே சொல்லிவிட்டுப் போகலாமே என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். கூகுளின் ஜாம்போர்டு என்னும் வரைபலகைச் செயலி 2024ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டது. அந்தப் பெயரைக் கொண்டு பாடக்குறிப்பு எழுதிய ஆசிரியருக்கு இன்று அந்தச் சொல்லால் பயனில்லை. கருவிகள் வந்து போகும் துறையில், செயலுக்குப் பெயரிடுவதே நிலைக்கும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது உரிமைநிலைகளின் பெயர்கள். ஆவணத்தைப் பார்க்க மட்டும் உரிமையுள்ளவர் ‘பார்வையாளர்’, கருத்துரை மட்டும் இடக்கூடியவர் ‘கருத்துரையாளர்’ என்பதில் சிக்கல் இல்லை. ஆவணத்தில் எழுதவும் மாற்றவும் உரிமையுள்ள மூன்றாமவரைத் ‘திருத்துநர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். பள்ளியில் திருத்துதல் என்றால் விடைத்தாள் திருத்துதல். அது ஆசிரியர் வேலை. ‘நீ இந்த ஆவணத்தின் திருத்துநர்’ என்று சொன்னால், மாணவன் தோழியின் வாக்கியத்தில் பிழை தேடத் தொடங்குவானே தவிர, தனக்கென ஒரு வாக்கியம் எழுதமாட்டான். தமிழ் விக்கிப்பீடியாவில் வழங்கும் ‘தொகு’ என்பதோ, பலர் பாடிய பாடல்களைத் திரட்டுவது என்ற பொருளில் எட்டுத்தொகைப் பாடத்தோடு மாணவர் மனத்தில் பதிந்திருக்கிறது. கடிதப் பாடத்தில் அனுப்புநர், பெறுநர் என்று அவர்கள் எழுதிப் பழகியிருப்பதால், ‘எழுதுநர்’ என்பதை விளக்கமின்றியே புரிந்துகொள்வார்கள்.

யார், எப்போது, எதை எழுதினார், எதை நீக்கினார் என்று காட்டும் பட்டியலுக்கும் சொல் வேண்டும். ஒரு மாணவன் தவறுதலாகக் கட்டுரை முழுவதையும் தேர்ந்தெடுத்து அழித்தபோது, முந்தைய நிலையை மீட்டுத் தந்தது அதுதான். குழுவில் யாருடைய பங்கு எவ்வளவு என்பதையும் அதைப் பார்த்தே அறிகிறேன். ‘பதிப்பு வரலாறு’ என்பது அச்சிட்ட நூலின் பதிப்புகளை நினைவூட்டுவதால், ‘மாற்றப் பதிவு’ பொருந்தும் என்று தோன்றுகிறது. இதைவிடச் சுருக்கமான சொல் கிடைத்தால் அதையே ஏற்பேன். ‘எழுதுநர்’ என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை.