மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்: பதினைந்து வருஷம் நின்ற எஞ்சினை எழுப்புவது எப்படி?

வடமராட்சியான்

மொறிஸ் மைனர் 1000, நாலு கதவு, 1098 சிசி. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில மண்ணெண்ணெயில ஓடின கார். இப்ப பதினைஞ்சு வருஷமாக் கொட்டிலுக்குள்ள நிக்குது. ஸ்ராட்டிங் கம்பி போட்டாலும் எஞ்சின் அசையுதில்லை. பிறேக் பெடல் நேரே தரைக்குப் போகுது. லான்ட்மாஸ்ரரில (ரெண்டு சில்லு உழவு இயந்திரம்) கட்டி இழுத்தால் எழும்பும் எண்டு ஒராள் சொல்லுறார். செய்யலாமோ? வேற எஞ்சின் மாத்திற எண்ணம் இல்லை.

ஏசீரீஸ்

இழுக்க வேண்டாம். பிஸ்ரன் ரிங் சிலிண்டர்ச் சுவரோட கறள் பிடிச்சு ஒட்டியிருக்கும். இழுத்தால் ரிங் முறியும். வால்வு கைட்டுக்குள்ள இறுகியிருந்தால் புஷ் றொட்டும் வளையும்.

நாலு பிளக்கையும் கழட்டுங்கோ. ஒட்டோ கியர் ஒயிலும் அசற்றோனும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளயும் 20 மில்லிலீற்றர் விடுங்கோ. அசற்றோன் இல்லாட்டி டீசலும் எஞ்சின் ஒயிலும். றொக்கர் மூடியைத் திறந்து எட்டு வால்வுத் தண்டிலயும் அதே கலவை சொட்டு விடுங்கோ. மூண்டு நாள் பொறுத்து, நாலாம் கியரில போட்டுக் காரை முன்னுக்கும் பின்னுக்கும் மெதுவா ஆட்டிப் பாருங்கோ. விரலளவு அசைஞ்சால் அண்டைக்கு அது காணும். திரும்ப ஒயில் விட்டு அடுத்த நாள் ஆட்டுங்கோ. ஸ்ராட்டிங் கம்பியில ஏறி மிதிக்கக் கூடாது.

சுத்தத் தொடங்கினதும், எஞ்சினுக்கு அடியில இருக்கிற ஒயில் தட்டான சம்பைக் கழட்டுங்கோ. ஒயிலை மட்டும் வடிச்சால் போதாது. மண்ணெண்ணெய் முழுசா எரியாமல் சிலிண்டர்ச் சுவரால வடிஞ்சு ஒயிலோட கலந்திருக்கும். அந்தக் கறுத்த சேறு ஒயில் வலையை அடைச்சால் பெயரிங் போகும். கழுவிப் பூட்டி, புது ஃபில்ரரோட 3.7 லீற்றர் 20 டபிள்யூ 50 ஒயில் விடுங்கோ. இப்பத்தைய கார்களுக்கான தண்ணி ஒயில் இந்த எஞ்சினுக்குச் சரிவராது. சூட்டில அமுக்கம் விழும். பிளக் இல்லாமலே ஸ்ராட்டரால சுத்தி, ஒயில் லைற் அணைஞ்ச பிறகுதான் பிளக் போடுறது.

பற்றறி போடேக்க கவனம். மைனர் பொசிற்றிவ் எர்த். பொசிற்றிவ் முனைதான் பொடியோட சேரும். இடையில ஆராவது மாத்தியிருக்கவும் கூடும், பழைய கேபிள் எங்க போகுது எண்டு பாருங்கோ. மாத்தியிருந்து, நீங்கள் பழையபடி ஆக்கினால் டைனமோவின்ர பொசிற்றிவ்-நெகற்றிவ்வையும் திருப்ப வேணும்: டைனமோவின்ர எஃப் முனையில இருக்கிற வயரைக் கழட்டி, பற்றறியின்ர எர்த் ஆகாத முனையில இருந்து ஒரு வயரால எஃப் முனையை ரெண்டு மூண்டு தரம் தொட்டு எடுங்கோ. சின்னப் பொறி வரும், அவ்வளவுதான்.

பிளக் இடைவெளி 0.025 அங்குலம், டிஸ்ரிபியூட்டர் பொயின்ற் 0.015 அங்குலம். ஆனால் ஸ்ராட் பண்ண முன்னம் கொம்பிரஷன் (ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளயும் ஏறுற அமுக்கம்) எடுத்து இங்க போடுங்கோ.

வடமராட்சியான்

ஆறாம் நாள் சுத்தினது. சம்புக்குள்ள நீங்கள் சொன்ன சேறுதான். கொம்பிரஷன் முன்னால இருந்து 130, 125, 65, 130 பிஎஸ்ஐ. மூண்டாம் சிலிண்டருக்குள்ள ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுப் பார்த்தன், 70க்கு மேல ஏறேல்லை.

தட்டிவான்

ஒயில் விட்டும் ஏறாததால் ரிங் காரணமில்லை, வால்வுதான். ரெண்டும் மூண்டும் சேர்ந்து விழுந்திருந்தால் இடையில ஹெட் கஸ்கற் (சிலிண்டருக்கு மேல பூட்டிற ஹெட்டுக்கு அடியில வைக்கிற தகடு) போயிருக்கு எண்டு சொல்லலாம். தனிய மூண்டு எண்டபடியால் எக்ஸோஸ்ற் வால்வு எரிஞ்சிருக்கத்தான் வாய்ப்புக் கூட. இந்த ஹெட்டில ரெண்டாம் மூண்டாம் சிலிண்டர்களின்ர எக்ஸோஸ்ற் ஒரே துவாரத்தாலதான் வெளிய போகுது. அந்த நடு இடம் எப்பவும் கூடச் சூடாகும். மண்ணெண்ணெயின்ர கரி வால்வு இருப்பில (வால்வு வந்து பொருந்தி மூடுற விளிம்பு) படிஞ்சால் வால்வு முழுசா மூடாது, சூடு இறங்க வழியில்லாமல் விளிம்பு எரியும்.

முதல் ராப்பெற்றை, அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அமத்திற றொக்கருக்கும் இடையில இருக்கிற இடைவெளியைப் பாருங்கோ. இடைவெளி இல்லாமல் இறுகியிருந்தாலும் இதே அளவுதான் காட்டும். குளிர்ந்த எஞ்சினில 0.012 அங்குலம். கணக்கு ஒன்பது, ரெண்டு வால்வு இலக்கத்தையும் கூட்டினால் ஒன்பது வர வேணும்: எட்டாம் வால்வு முழுசாத் திறந்திருக்கேக்க ஒண்டாம் வால்வைச் சரிபண்ணுங்கோ, ஆறு திறந்தால் மூண்டு, ஐஞ்சு திறந்தால் நாலு. அப்பவும் ஏறாட்டி ஹெட்டைக் கழட்டத்தான் வேணும்.

கழட்டினதும் கஸ்கற் எத்தினை எண்டு பாருங்கோ. மண்ணெண்ணெய்க்கு வெடி தட்டாமல் கொம்பிரஷனைக் குறைக்க ரெண்டு போட்டிருந்தால், இப்ப ஒண்டுதான் போட வேணும். எக்ஸோஸ்ற் நாலுக்கும் கடினமான இருப்பு வளையம் அடிப்பியுங்கோ. ஈயமில்லாத பெற்றோலில வார்ப்பிரும்பு இருப்பு தேய்ஞ்சு வால்வு உள்ளுக்கு இறங்கும்; ராப்பெற் இடைவெளி திரும்பத் திரும்பக் குறைஞ்சு கொண்டு வாறது அதின்ர அடையாளம். லேத் வேலைக்குக் குடுக்கேக்க ஹெட் மட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கோ. பூட்டேக்க ஒன்பது நட்டும் நடுவில இருந்து வெளிப்பக்கமா, மூண்டு தவணையில 40 இறாத்தல்-அடி.

கறள்வெட்டி

தம்பி, எஞ்சின் ஓடினாலும் காரைக் கொட்டிலுக்கு வெளிய எடுக்காதேங்கோ. பிறேக்கும் முன் சில்லும் முடிஞ்ச பிறகுதான் றோட்டு. இதில எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

மைனரில பிறேக்குக்கு ஒரே சுற்றுத்தான். ஒரு இடம் ஒழுகினால் நாலு சில்லுக்கும் இல்லை. முன் சில்லு ஒண்டுக்கு ரெண்டு சிலிண்டர், பின் சில்லுக்கு ஒண்டு, மொத்தம் ஆறு. ஆறையும் கழட்டுங்கோ, உள்ளுக்குக் குழி விழுந்திருந்தால் றப்பர் மட்டும் மாத்திப் பிரயோசனமில்லை, சிலிண்டரையே மாத்துங்கோ. மூண்டு றப்பர்க் குழாயும் புதுசு. கழுவ ஸ்பிரிற் இல்லாட்டி பிறேக் ஒயில். மண்ணெண்ணெயோ பெற்றோலோ பட்டால் றப்பர் ஊதும்.

மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின்ர காலடியில, சசிக் காலுக்குள்ள இருக்கு. அதின்ர போல்ற்றை வெளிய இழுக்க ரோர்ஷன் பார் (முன் சில்லுக்கு ஸ்பிரிங்கா முறுகிற கம்பி) குறுக்க நிக்கும். பாரை எடுக்க முன்னம் பல்லில அடையாளம் போடுங்கோ, இடம் வலம் மாத்தக் கூடாது. திரும்பப் பூட்டேக்க போல்ற்றை மறுபக்கத்தால விடுங்கோ. அடுத்த முறை பாரைத் தொட வேண்டி வராது.

முன் சில்லைத் தாங்கிற தண்டு மேலயும் கீழயும் மரையில நிக்குது. கிறீஸ் இல்லாமல் மரை தேய்ஞ்சால் தண்டு கழண்டு சில்லு மட்கார்ட்டுக்குள்ள மடங்கும். ஜாக் வைச்சுத் தூக்கி, சில்லுக்கு அடியில அலவாங்கால நெம்பிப் பாருங்கோ. மேல கீழ ஆட்டம் தெரிஞ்சால் தண்டும் மரைக்கட்டையும் சேர்த்து மாத்துங்கோ. பிறகு 1600 கிலோமீற்றருக்கு ஒருக்கா, சில்லு தொங்கிற நிலையில, பழைய கிறீஸ் வெளிய வரும் வரைக்கும் அடியுங்கோ.

வடமராட்சி உப்புக் காத்தில கறளை வெளிப் பெயின்ற்றில தேடாதேங்கோ. கதவுக்குக் கீழ இருக்கிற பெட்டி, முன் சீற்றுக்கு அடியில போற குறுக்குச் சட்டம், பின் ஸ்பிரிங் பூட்டிற இடம் மூண்டையும் ஸ்குறூட்றைவரால குத்துங்கோ. உள்ளுக்குப் போனால் வெட்டி, கண்ணாடி நாரால மூடாமல் தகடு வைச்சு ஒட்டுவியுங்கோ. கதவைக் கழட்டிப்போட்டு வெட்டினால் பொடி தொய்ஞ்சு கதவு திரும்பப் பூட்டாது, பூட்டின கதவோட ஒரு பக்கம் முடிச்சுத்தான் மற்றப் பக்கம். கதவுக் கீழ்ப்பெட்டியின்ர தண்ணி வடியிற ஓட்டைகளை ஒட்டுக்காரர் அடைச்சுவிடுவினம், பக்கத்தில நிண்டு பாருங்கோ.