பூக்கும் தறுவாயில் உள்ள மக்காச்சோளத்தில் களை: இனி மருந்து தெளிக்கலாமா?

கேள்வி:
வணக்கம். விதைத்து 55 நாள் ஆன மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, ஆண் பூ வெளிவரும் தறுவாயில் நிற்கிறது. 20ஆம் நாளில் ஒரு களை எடுத்தோம். அடுத்த களைக்கு வைத்திருந்த வாரத்தில் மழை விடாமல் பெய்ததால் வயலுக்குள் கால் வைக்க முடியவில்லை. இப்போது வரிசைகளுக்கு நடுவே முள்ளுக்கீரை இடுப்பளவு நிற்கிறது. வரப்போரமாகக் கொடிக் களைகள் தட்டையைச் சுற்றி ஏறத் தொடங்கிவிட்டன. அடியில் சாரணையும் கோரையும் படர்ந்துள்ளன. 2,4-டி என்ற களைக்கொல்லியைத் தெளித்தால் அகன்ற இலைக் களைகள் மட்டும் சாகும் என்கிறார்கள். இந்தப் பருவத்தில் தெளிக்கலாமா, கையால் எடுப்பதே சரியா?

மறுமொழி 1:
தயவுசெய்து தெளிக்காதீர்கள். 2,4-டி மக்காச்சோளத்துக்கு ஏற்ற மருந்துதான், ஆனால் பயிர் சிறிதாக இருக்கும்போது மட்டுமே. பயிர் விறுவிறுவென்று உயரும் கட்டத்தில் அது குருத்தில் விழுந்தால், தட்டை எளிதில் ஒடியும் தன்மை பெற்றுக் காற்றில் கணுவோடு முறிகிறது. ஊன்று வேர்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விகாரமாக வளர்வதால் செடியின் பிடிமானம் போய்விடுகிறது. பூக்கும் சமயத்தில் விழுந்தால் மணி பிடிப்பதும் கெடும். டெம்போட்ரியோன் போன்ற மருந்துகளும் 2 முதல் 4 இலை உள்ள இளங்களைகளுக்கானவை. அவற்றைத் தெளித்தால் இடுப்பளவு முள்ளுக்கீரையின் நுனி மட்டும் வெளுக்கும். சில நாளில் பக்கத் தளிர் விட்டு மீண்டுவிடும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது முற்றிலும் சரி. அதோடு ஒன்றையும் சொல்ல வேண்டும்: மக்காச்சோளத்தின் விளைச்சலைக் களை பறிப்பது பெரும்பாலும் விதைத்த 15ஆம் நாள் முதல் 45ஆம் நாள் வரைதான். பயிரோடு சேர்ந்து வளர்ந்த களை தன் பங்கை ஏற்கெனவே எடுத்துவிட்டது. இனிமேல் நிழலில் முளைப்பவற்றால் பெரிய இழப்பு இல்லை. ஆகவே இப்போது செய்யும் வேலை அடுத்த பயிருக்கானது என்று கருதி, ஆட்களை அதற்கேற்ப விடுங்கள்.

முள்ளுக்கீரையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அறுவடை நெருங்கிவிட்டதே என்று ஒரு முறை நான் அதை விட்டுவைத்தேன். பிறகு அதன் பூங்கதிர் ஒன்றை உள்ளங்கையில் கசக்கிப் பார்த்தபோது, கடுகைவிடப் பொடியான கறுத்து மின்னும் விதைகள் கை நிறையக் கொட்டின. நன்கு வளர்ந்த ஒரு செடி ஒரு லட்சத்துக்கு மேல் விதை தரக்கூடியது. அடுத்த போகத்தில் அந்த நிலம் முழுவதும் பாய் விரித்தாற்போல் முளைத்ததைக் கண்டு மனம் நொந்துபோனேன். மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்கி, வயலுக்கு வெளியே கொண்டு போய்விடுங்கள். பூத்த செடியை வரிசையிலேயே போட்டால், பிடுங்கிய பின்னும் விதை முற்றிவிடும்.

கொடியை இழுக்காதீர்கள், இலையும் கதிரின் பட்டு நூலும் சேர்ந்து வந்துவிடும். அடித்தண்டை மட்டும் அறுத்துவிட்டால் மேலே உள்ளது தானாகக் காயும். கொடியை அப்படியே விட்டால் தட்டைகளைப் பிணைத்துச் சாய்த்து, அறுவடை இயந்திரத்திலும் சிக்கும். கோரையை இப்போது கொத்துவது வீண். கிழங்குகள் பிரிந்து பரவும், மேலாக ஓடும் பயிர் வேர்களும் அறுபடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி, மருந்து யோசனையைக் கைவிட்டுவிட்டேன். பிடுங்கிய முள்ளுக்கீரையை மாட்டுக்குப் போடலாமா?

மறுமொழி 3:
விதை பிடித்த செடியைப் போட வேண்டாம், ஐயா. விதைகளில் ஒரு பகுதி சாணத்தின் வழியாக உயிரோடு வெளியேறி, எருவோடு மறுபடியும் உங்கள் வயலுக்கே வந்து சேரும். இளஞ்செடியானாலும், தழைச்சத்து உரம் இட்ட நிலத்தில் முள்ளுக்கீரை நைட்ரேட்டை மிகுதியாகச் சேர்த்து வைக்கும் என்பதால், அதை மட்டுமே வயிறு நிறையக் கொடுப்பது மாட்டுக்கு ஆபத்து. அறுவடையின்போது களை மிகுந்த வரப்போரப் பகுதியைக் கடைசியில் அறுத்து, இயந்திரத்தைத் துடைத்த பிறகே அடுத்த வயலுக்குள் இறக்குங்கள்.